ஒன்பதாம் நம்பர் மலையும் பழைய கோப்பும்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் மேலாளர் போனில் கூப்பிட்டு, "மிஸ், உங்க அனுபவத்த கொஞ்சம் எழுதிக் குடுங்க, புதுப் பிள்ளைகளுக்கு ஒதவியா இருக்கும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நேரத்திலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குசினிக்கும் முன்வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். என் பிறவிக் குணம் இது. பலாங்கொடை ஆபீசில் நான் இருந்த காலம் முழுவதும், "இந்த மிஸ்ஸுக்குக் கதிரை எதுக்கு, யாருக்காவது குடுத்துரலாமே" என்று கேலி செய்வார்கள்.

தொழில்நுட்பம் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு எல்லாவற்றையும் அடியோடு மாற்றிவிட்டதாகவும் கேள்வி. மாற்றுங்கள், நல்லது. ஆனால் நீங்கள் எதை மாற்றினாலும் வேலை அதேதான். இங்கே இருக்கிற கோப்பை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அங்கே இருப்பதை இங்கே கொண்டுவர வேண்டும். யாரும் பொத்தானை அழுத்தாமல், யாருக்கும் தெரியாமல், பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவை. மலைமேல் இருக்கிற தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்களின் கம்பியூட்டர்களும் கீழே எங்கள் கம்பியூட்டரும் அதன் வழியாகத்தான் பேசிக்கொண்டன. நாங்கள் அதற்குத் 'தப்பால்' என்று பெயர் வைத்திருந்தோம். தோட்டத்தில் கடிதப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவருக்குத் தப்பால்காரர் என்றுதான் பெயர். அவருக்காவது கால் வலிக்கும், வாய் திறந்து சொல்வார். இந்தத் தப்பால் எதுவுமே சொல்லாது. நன்றாக ஓடினாலும் சத்தமில்லை, செத்துக் கிடந்தாலும் சத்தமில்லை. அதனால்தான் எனக்குக் கதிரை ஒட்டவில்லை.

முதலில் ஒரு சின்னக் கதை சொல்லி, உங்களைக் கொஞ்சம் சிரிக்க வைத்துவிடுகிறேன்.

எங்கள் சப்ரகமுவ மாகாணத்தில் பின்னேரமானால் வானம் உறுமும். உறுமியவுடன் தோட்டத்தில் எல்லோரும் செய்கிற முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. டீவி, பிரிட்ஜ், ஆபீஸ் கம்பியூட்டர், எதுவானாலும் சரி. ஒழுங்காக மூடிவிட்டுப் பிடுங்குவோம் என்ற பேச்சே கிடையாது. இடி தலைக்கு மேலே நிற்கும்போது மெசினுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்? ஒருநாள் பிள்ளை மடுவங்களுக்கான, அதாவது வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடங்களுக்கான, பால்மா விவரம் வந்துகொண்டிருந்தபோது ஒரு தோட்டத்தில் இடி இடித்தது. கோப்பு பாதி வந்து நின்றுவிட்டது. பாதிக் கோப்புக்கும் முழுக் கோப்புக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாதே. இங்கே இருந்தவர்கள் வந்ததைப் பார்த்துப் பால்மாவை அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளை மடுவத்து ஆயா பஸ் ஏறி நேரே ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"ஏன் மிஸ், எங்க தோட்டத்துல பாதிப் புள்ளைங்களுக்கு மட்டுந்தான் பசிக்குதுன்னு யாரு உங்களுக்குச் சொன்னது?" என்றார்.

அன்றைக்கே தப்பாலை மாற்றினேன். வருகிற கோப்பு முழுதாக வந்து சேரும்வரை அதற்கு உரிய பெயர் கிடைக்காது, ஒரு தற்காலிகப் பெயரோடு ஓரமாகக் கிடக்க வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை இடி இடித்தாலும் பாதிக் கோப்பு எவர் கண்ணிலும் படவில்லை. இதை நீங்கள் பாடமாகவே படித்திருப்பீர்கள். நான் படித்தது ஆயாவிடம்.

இனிச் சொல்லப் போவது சிரிக்கிற கதை இல்லை.

பலாங்கொடையிலிருந்து பஸ் ஏறினால் கடைசித் தரிப்பிடத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அதன் மேல்புறமாகப் போகிற வீதியை அகலமாக்கிக்கொண்டிருந்தார்கள். வீதியை மறித்துக்கொண்டு பெரிய பாறை. அதைத் துளைத்து மருந்து வைத்து வெடித்து எடுக்கிற வேலை. பாறைக்கு நேர் கீழே தோட்டத்தின் ஒன்பதாம் நம்பர் மலை. தேயிலைக் காட்டின் ஒவ்வொரு துண்டையும் நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். அந்த மலை உள்பக்கமாக வளைந்து போவதால் வீதியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாது. காலையில் பனியும் மூடிக் கிடக்கும். வெடி வைத்தால் கல் அங்கேதான் உருளும். அதனால் வெடி வைக்கிற நேரத்தில் அந்த மலையில் ஆள் இருக்கக் கூடாது. வீதி வேலையை எடுத்திருந்த கொந்தராத்துக்காரர்கள் எங்களுக்கு அறிவிப்பார்கள், நாங்கள் தோட்டத்துக்கு அறிவிப்போம்.

தோட்டத்தின் மறுநாள் வேலைத் திட்டம் ஒரு கோப்பு. எந்தக் கூட்டம் எந்த மலையில் கொழுந்து எடுப்பது, எங்கே கவ்வாத்து, எங்கே உரம் என்று பெரிய கிளாக்கர் பின்னேரம் எழுதி வைப்பார். அதே கோப்பில் எங்கள் ஆபீசும் திருத்தம் செய்யலாம். இரண்டு பக்கத்திலும் ஒரே கோப்பு இருக்க வேண்டும் என்பதற்குத்தான் தப்பால். அதற்கு நாங்கள் கொடுத்திருந்த கட்டளை மிக எளிமையானது. இரண்டில் எது புதியதோ அதை மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோய்ப் போடு. உலகம் முழுவதும் அப்படித்தான் செய்கிறார்கள். பல வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஒரு குறையும் இல்லாமல் ஓடியதுதான் வினையாகப் போயிற்று. ஆரம்பத்தில் முக்கியமான எதையும் அனுப்பிவிட்டு உடனே போன் எடுத்து, "வந்துச்சா கிளாக்கர் ஐயா?" என்று கேட்போம். அவர் பார்த்துவிட்டு, "வந்துருச்சு மிஸ்" என்பார். தப்பால் மேல் நம்பிக்கை ஏற ஏற அந்தப் போன் குறைந்தது. பிறகு நின்றே போனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அன்றைக்கு, வெடி மறுநாள் பின்னேரத்துக்கு என்று இருந்தது. ஆனால் அடுத்தடுத்துப் பின்னேரங்களில் இடி மழை. மருந்து நிரப்பிய பாறைக்குப் பக்கத்தில் மின்னல் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கொந்தராத்துக்காரர்கள் அதைக் காலைக்கே மாற்றிவிட்டார்கள். செய்தி ஆபீஸ் மூடுகிற நேரத்தில் வந்தது. என் பக்கத்துக் கதிரை நிலந்தி வேலைத் திட்டத்தைத் திறந்தாள். ஒன்பதாம் நம்பர் மலை என்று இருந்த இடத்தில் நாலாம் நம்பர் மலை என்று மாற்றிச் சேமித்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். திரையில் பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வந்தது. வெடிக்காரர்களுக்கு, காலையில் அந்த மலையில் ஆள் இருக்காது என்று உறுதியும் அனுப்பிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இதை வாசிக்கிற யாரும் அந்தப் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. சொன்னால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

மறுநாள் எல்லோருக்கும் முந்தி ஆபீசுக்குப் போனேன். காரணம் ஒன்றுமில்லை, வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு முந்தைய நாள் தப்பால் செய்த வேலைகளை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாம் வெற்றி, எல்லாம் பச்சை. அந்தத் தோட்டத்து வேலைத் திட்டத்துக்கு நேரேயும் வெற்றி. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். கோப்பு எங்கிருந்து எங்கே போனது என்று காட்டுவது. நிலந்தி திருத்தியது இங்கே. அம்பு இங்கிருந்து மலைக்குப் போயிருக்க வேண்டும். அது மலையிலிருந்து எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

கோப்பைத் திறந்தேன். ஒன்பதாம் நம்பர் மலை என்றுதான் இருந்தது. நிலந்தி செய்த திருத்தத்தின் மேல் அவர்களுடைய பழைய கோப்பு வந்து உட்கார்ந்திருந்தது. பச்சை எழுத்து பொய் சொல்லவில்லை. ஒரு கோப்பு வெற்றியாகப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான் அது சொன்னது. எந்தக் கோப்பு, எந்தப் பக்கம் என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

கொழுந்து எடுக்கிற பெண்கள் இந்நேரம் எங்கே? பெரட்டு, அதாவது காலையில் ஆள் பிரிக்கிற கூட்டம், முடிந்திருக்கும். கூடையை மாட்டிக்கொண்டு நிரை பிடித்திருப்பார்கள். வெடி இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குள்.

தோட்டத்து ஆபீசுக்குப் போன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. பெரிய கிளாக்கரின் கைப்பேசி அணைந்திருந்தது. அந்த மலைப்பக்கம் சிக்னல் வருவது அதிசயம். மறுபடி ஆபீசுக்கு எடுத்தேன். அடிக்கிறது, அடிக்கிறது, நிற்கிறது. என் மேலாளரைப் பிடித்தேன். அவர் இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தார். விவரத்தைச் சொன்னேன்.

"நீங்க அவங்கள மலையில பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"இங்கருந்து எப்படி சேர் பாக்கிறது? கோப்புல ஒன்பதுன்னு இருக்கு."

"கோப்புல இருக்கட்டும். அவங்க போன்ல கேட்டு மாத்தியிருக்கலாம்தானே? மொதல்ல உறுதிப்படுத்துங்க. சும்மா ஒரு சந்தேகத்துல வேலைய நிப்பாட்டச் சொல்லாதீங்க. நாளைக்கு நாந்தான் பதில் சொல்லணும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு உண்மையில் தெரிந்தது கோப்பு பழையது என்பது மட்டும்தான். மலையில் ஆள் இருக்கிறார்களா என்று தெரியாது. ஆனால் ஒன்றை மட்டும் நினைத்துப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லி மலையில் யாரும் இல்லை என்று ஆனால், என்னைத் திட்டுவார்கள். வேலையைவிட்டுத் தூக்கினாலும் தூக்குவார்கள். நிறுத்தச் சொல்லாமல் இருந்து மலையில் ஆள் இருந்தால்? அதற்கு மேல் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

வெடி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் ஒரு சிங்களவர், பேச்சிலேயே பொறுமையானவர். அவருக்குப் போன் எடுத்து நான் சிங்களத்தில் பேசினேன். இந்தப் பக்கத்தில் பிறந்த எங்களுக்கு அது இரண்டாவது நாக்கு.

"வெடியை நிறுத்துங்கள், கீழே ஆட்கள் இருக்கிறார்கள்" என்றேன்.

"அனே மிஸ், உங்கள் ஆபீசிலிருந்துதானே ஆள் இல்லை என்று நேற்று உறுதி அனுப்பினீர்கள்? மருந்தெல்லாம் நிரப்பியாயிற்று. நிரப்பியதை வைத்துக்கொண்டு பின்னேரம்வரை இருக்க முடியாது. இப்போதே மேகம் ஏறுகிறது."

"ஒரு ஆளைக் கீழே அனுப்பிப் பாருங்கள்."

"சுற்றிப் போய் வருவதற்குள் மழை வந்துவிடும். எப்படியும் வெடிக்கு முன்னால் சங்கு ஊதுவோம். யாராவது இருந்தால் ஓடிவிடுவார்கள்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிட்டது. முதுகில் கொழுந்துக் கூடை, காலுக்குக் கீழே வழுக்குகிற மலை, தலைக்கு மேலே பாறை. எந்தப் பக்கம் ஓடுவது? அதுவுமில்லாமல் நாள் முழுக்க தேயிலைத் தொழிற்சாலையின் ஸ்டோர் சங்கைக் கேட்டுப் பழகினவர்கள், ஒரு சங்குச் சத்தத்துக்கு நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அவர் கடைசியாக ஒன்று கேட்டார். "மிஸ், நிச்சயமாகத் தெரியுமா? அங்கே யாரிடமாவது பேசினீர்களா?"

"பேசினேன்" என்றேன். "இப்போதுதான் பேசினேன். ஒரு கூட்டம் முழுக்க அங்கேதான் நிற்கிறது."

நான் யாரிடமும் பேசவில்லை. வாய் கூசாமல் பொய் சொன்னேன். இன்றைக்குவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை, வருத்தப்படப் போவதுமில்லை. அவர், "சரி, நிறுத்துகிறேன். ஆனால் மழை கறுப்பதற்குள் அவர்களைக் கீழே இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் எனக்கும் வழியில்லை" என்றார்.

ஆக, நான் சொன்ன பொய்யால் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். பெண்களை இறக்குவதற்குத் தோட்டத்தில் ஒரு ஆள் போனை எடுக்க வேண்டும். எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். ஆபீசுக்குள் சுவருக்குச் சுவர் நடந்தேன். அதற்குள் நிலந்தி வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் "அக்கே, என்ன?" என்றாள். சொன்னேன். அவள் அப்படியே கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைத் தேற்ற எனக்கு நேரமில்லை. "நீ கைப்பேசிக்கு எடு, நான் ஆபீசுக்கு எடுக்கிறேன்" என்றேன். இருவருமாக மாறி மாறி அடித்தோம். ஜன்னலுக்கு வெளியே மலைப்பக்கம் வானம் மங்கிக்கொண்டு வந்தது. நான் வானத்தைப் பார்ப்பேன், போனைப் பார்ப்பேன். வேறு எதையும் பார்த்ததாக நினைவில்லை.

ஒருவழியாகப் பெரிய கிளாக்கர் எடுத்தார். பெரட்டு முடித்துத் தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"கிளாக்கர் ஐயா, ஒன்பதாம் நம்பர்ல ஆளு நிக்குதா?"

"நிக்குதே மிஸ். விடியக்காலமே ஏறிட்டாங்க. நேத்து பைல்ல அதானே இருந்துச்சு?"

கொஞ்சம் முன்னால் நான் சொன்ன பொய், அப்போது பொய் இல்லாமல் போய்விட்டது.

"மேல வெடி வைக்கப் போறாங்க. ஒடனே எல்லாரையும் எறக்குங்க."

"வெடி பின்னேரந்தானே? காலையில இல்லியே. அதுவுமில்லாம தொரைகிட்ட ஒரு சொல்லு கேக்காம நான் எப்படிங்க கூட்டத்த எறக்குறது? கொழுந்து கொறஞ்சா என்னையத்தானே..."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் உங்கள் மேலாளர் இதை உங்கள் கையில் தரமாட்டார். நிலந்தி பிறகு சொன்னாள், கீழே கடைத்தெருவிலிருந்தே இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்களாம். கிளாக்கர் போனைக்கூட வைக்கவில்லை. மேசையில் போட்டுவிட்டு ஓடினார். அவர் மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தம் போனுக்குள்ளே கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். என் வாழ்க்கையிலேயே ஓரிடத்தில் அசையாமல் நின்ற ஒரே நேரம் அதுதான்.

முதல் தூறல் எங்கள் ஜன்னலில் விழுந்தபோது கிளாக்கர் திரும்பி வந்து போனை எடுத்தார். மூச்சு வாங்கினார். "எறங்கிட்டாங்க மிஸ். எல்லாரும் ரோட்டுக்கு வந்துட்டாங்க. தலைய எண்ணிட்டேன்." நான் மேற்பார்வையாளருக்குச் சொன்னேன். அவர் சங்கு ஊதி வெடித்தார். பலாங்கொடைவரைக்கும் சத்தம் கேட்காது. ஆனால் எனக்குக் கேட்டது மாதிரித்தான் இருந்தது. அதற்குப் பிறகு நானும் நிலந்தியும் ஒரு மூலையில் நின்று அழுதோம்.

மேலாளர் திரும்பி வந்து கேட்டது இரண்டே கேள்வி. "எத வச்சு நிப்பாட்டச் சொன்னீங்க?"

"அம்புக்குறிய வச்சு சேர்."

"ஆளு இல்லாம இருந்திருந்தா?"

"என்னைய ஏசியிருப்பீங்க. அவ்வளவுதானே?"

ஆனால் என் மண்டைக்குள் வேறொரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. கிளாக்கர் கோப்பை எழுதி முடித்த பிறகுதான் நிலந்தி திருத்தினாள். அப்படியானால் அவளுடையதுதான் புதியது. பிறகு ஏன் தப்பால் பழையதைப் புதியது என்று நினைத்தது? அந்த வாரமே பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். ஆபீசுக்குள் நுழைந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கம்பியூட்டரின் மூலையில் இருந்த மணியையும் பார்த்தேன். சுவரும் கம்பியூட்டரும் ஒன்று போலக் காட்டின. இரண்டும் என் கடிகாரத்தைவிட அரை மணித்தியாலம் முந்தி இருந்தன.

"என்ன கிளாக்கர் ஐயா இது?"

"பெரட்டு மணிங்க அது" என்றார், நான் ஏதோ சூரியன் ஏன் கிழக்கே உதிக்கிறது என்று கேட்டுவிட்டதைப் போல. "எங்க தோட்டத்துல எப்பவுமே அரமணி முந்தித்தான். அப்பத்தான் ஆளு வெள்ளனக் களத்துக்கு வரும். ஸ்டோர் சங்கு, புள்ள மடுவம், எல்லாமே இந்த மணிதான். கம்பியூட்டர் மட்டும் வேற மணி காட்டுனா ஆளுக்கு ஆளு ஒண்ணச் சொல்லிச் சண்ட புடிப்பாங்களே? அதான் இதையும் பெரட்டு மணிக்கே வச்சிருக்கேன். தானா மாறிக்கிட்டே இருந்துச்சு. அந்த மாறுறதையும் நிப்பாட்டிட்டேன்."

விளங்குகிறதா? அவர் பின்னேரம் சேமித்த கோப்பில் அரை மணித்தியாலம் கழித்து வரப்போகிற நேரம் பதிந்திருந்தது. நிலந்தி அதற்குள் திருத்திச் சேமித்துவிட்டாள். தப்பால் இரண்டு நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, மலையில் இருப்பதுதான் புதியது என்று முடிவெடுத்துவிட்டது. இத்தனை வருடத்தில் இது நடக்காமல் இருந்ததற்குக் காரணம், அந்த அரை மணித்தியாலத்துக்குள் யாரும் எதையும் திருத்தியதில்லை என்பது மட்டும்தான்.

கத்துவதற்காக வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். அந்த மனிதர் செய்ததில் என்ன பிழை? அவர் இருக்கிற மலையில் மணி அதுதான். அங்கே ஆட்கள் அந்த மணிக்குத்தான் எழும்புகிறார்கள், அந்த மணிக்குத்தான் சாப்பிடுகிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே மணி என்று நினைத்துத் தப்பாலை எழுதியவர்கள் நாங்கள். மலையில் என்ன மணி என்று ஒருநாளும் போய்ப் பார்க்காதவர்களும் நாங்கள்.

சுவர்க் கடிகாரத்தில் நான் கை வைக்கவில்லை. கம்பியூட்டரின் மணியை மட்டும் சரி செய்தேன். அவருக்காகத் திரையிலேயே பெரட்டு மணியைத் தனியாகக் காட்டுகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். பெரிய மாற்றத்தை ஆபீசுக்கு வந்து செய்தேன். ஒரே கோப்பை இரண்டு பக்கமும் தொட்டிருந்தால் தப்பால் இனித் தானாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட வேண்டும், சத்தம் போட்டு ஒரு மனிதரைக் கூப்பிட வேண்டும். உங்களில் சிலருக்கு அந்தச் சத்தம் எரிச்சலாக இருக்கிறதாம், நிறுத்திவிடலாமா என்று பேசிக்கொள்கிறீர்களாம். எனக்கும் செய்தி வரும். "வந்துச்சா?" என்று கேட்கிற போனையும் திரும்பக் கொண்டுவந்தோம். ஆள் உயிர் சம்பந்தப்பட்ட எதுவானாலும் தப்பால் ஒருபக்கம், போன் ஒருபக்கம்.

அன்று தோட்டத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். கொழுந்து எடுக்கிறவர், விரல் நுனியெல்லாம் கறை. பலாங்கொடை ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்கப் போகிறாராம். பேச்சு பேச்சாக வந்தது. நான் யாரென்று சொல்லவில்லை.

"அன்னக்கி ஒரு கூத்து நடந்துச்சு பாருங்க" என்றார். "ஒன்பதாம் நம்பர்ல நல்ல கொழுந்து. நெரைய இப்பத்தான் புடிச்சிருக்கோம். கிளாக்கர் ஐயா மோட்டார் சைக்கிள்ல வந்து, எறங்கு எறங்குன்னு கத்துறாரு. அரைக்கூட கொழுந்தோட எறங்குனோம். அன்னக்கி எங்களுக்கு அரப் பேருதான் போட்டாங்க. கீழ ஆபீசுல யாரோ ஒரு பொம்பள, நோனா, போன் பண்ணிச்சாம். அந்த நோனாவ நாங்க ஏசாத ஏச்சு இல்ல, போங்க."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். வாங்கிக் கொடுக்க வேண்டியது யார் என்று மனதுக்குள் சண்டையை ஆரம்பித்துவிட்டேன். போட்டு வாங்கியும் கொடுத்தேன், அது வேறு கதை.

அவர் பேச்சை நிறுத்தவில்லை. குரல் மட்டும் தணிந்தது. "மறுநா போய்ப் பாக்குறேங்க. நான் நின்ன நெரையில ஒரு கல்லு கெடக்கு. இந்த பஸ்ஸுல பாதி அளவு. அடியில தேயிலச் செடி ஒண்ணுகூடத் தெரியல. இப்ப அந்தக் கல்லச் சுத்தித்தான் கொழுந்து எடுக்குறேன். தெனமும் அதத் தொட்டுப் பாத்துட்டுத்தான் போறது."

அவர் என் பையைப் பார்த்தார்.

"நீங்க கீழ ஆபீசா?"

"ஆமாங்க."

"அப்ப அந்த நோனாவ உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்."

"கண்டீங்கன்னா நான் சொன்னேன்னு ஒண்ணு சொல்லுங்க. ஏசினத மனசுல வச்சிக்க வேணாம்னு சொல்லுங்க. அடுத்த தடவ கொஞ்சம் முந்தியே சொல்லச் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கப் போவது நீங்கள். அவர் சொல்லச் சொன்னதை உங்களிடம் சொல்லிவிட்டேன்.